அகதியாக வந்த அறிவியலாளர்: ஃப்ரிட்ஸ் லண்டனும் பாரிஸில் அவர் கழித்த மூன்று ஆண்டுகளும்

பாரிஸ் நகரின் லாச்சப்பல் பகுதி, உலகெங்கும் வாழும் தமிழர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத இடம். 1980களின் தொடக்கத்திலிருந்து, குறிப்பாக 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின்னர், இலங்கையிலிருந்து தஞ்சம் தேடி வந்தவர்களால் உருப்பெற்ற கடைத்தெரு அது. அதனை ஒட்டியுள்ள கார் து நோர் நிலையத்திலிருந்து தெற்கே புறப்படும் 'பி' தட ரயில், மூன்றாவது நிறுத்தத்திலேயே லுக்சம்பூர் நிலையத்தை அடைந்துவிடுகிறது. அங்கிருந்து சற்று நடந்தால் ஆன்றி புவான்கரே நிலையம் என்ற கணித, இயற்பியல் ஆய்வகம். அதே ரயிலில் தொடர்ந்து சென்றால், நகரின் தென்மேற்கே ஓர்சே பல்கலைக்கழக வளாகம்.

இந்த இரண்டு இடங்களையும் அறிவியல் வரலாற்றில் இணைக்கும் மனிதரும் ஓர் அகதியே. ஹிட்லரின் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டு, இங்கிலாந்தில் நிதி முடிவடைந்து, 1936இல் பாரிஸ் வந்து சேர்ந்த இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் லண்டன் அவர். பெயரில் லண்டன் இருந்தாலும், அந்த நகரத்துக்கும் அவருக்கும் பிறப்பால் தொடர்பு கிடையாது.

மின்சாரத்தை எவ்விதத் தடையுமின்றிக் கடத்தும் பொருட்களான மீக்கடத்திகள் குறித்தும், எலக்ட்ரான்கள், அதாவது இலத்திரன்கள், ஒன்றையொன்று சார்ந்து இயங்குவது குறித்தும் இன்று நடக்கும் ஆய்வுகள் பலவற்றின் தொடக்கத்தில் அவருடைய பெயர் இருக்கிறது. இரண்டு மீக்கடத்திகளுக்கு இடையே ஒரு சில எலக்ட்ரான்களை மட்டும் அடைத்துவைத்து ஓர்சேயில் செய்யப்படும் சோதனைகள், அவருடைய வாழ்நாளின் இரு பெரும் சிந்தனைகளையும் ஒரே இடத்தில் சந்திக்க வைத்துள்ளன.

தத்துவத்திலிருந்து இயற்பியலுக்கு

ஃப்ரிட்ஸ் லண்டன் 1900ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி, அப்போது ஜெர்மனியில் இருந்த பிரெஸ்லவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரம் இன்று விரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் போலந்தில் உள்ளது. தந்தை ஃபிரான்ஸ் லண்டன் கணிதப் பேராசிரியர். அவர் 1917இல் இறந்தபோது ஃப்ரிட்ஸுக்கு வயது 17. ஏழு ஆண்டுகள் இளையவரான தம்பி ஹைன்ஸும் பின்னாளில் இயற்பியலாளர் ஆனார்.

ஃப்ரிட்ஸ் முதலில் நாடியது தத்துவத்தை. 1921இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டமும் தத்துவத்திலேயே. ஓர் அறிவியல் கோட்பாட்டின் உள்கட்டமைப்பு எத்தகையது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்த பின்னர், 1925 அளவில் அவர் இயற்பியலுக்குத் திரும்பினார். குவாண்டம் இயக்கவியல் பிறந்துகொண்டிருந்த நேரம் அது.

முழுமையை அதன் உறுப்புகளின் வெறும் கூட்டுத்தொகையாகக் கருத முடியுமா என்ற கேள்வி தத்துவ மாணவராக இருந்த காலத்திலேயே அவரை ஈர்த்திருந்தது. இயற்பியலிலும் அந்தக் கேள்வியை அவர் கைவிடவில்லை.

இரண்டு எலக்ட்ரான்களின் உடன்பாடு

1927இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், வால்டர் ஹைட்லர் என்ற மற்றோர் இளம் ஆய்வாளருடன் சேர்ந்து ஃப்ரிட்ஸ் ஒரு பழைய புதிருக்கு விடை கண்டார். மின்னேற்றம் இல்லாத இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று இணைந்து மூலக்கூறு ஆகின்றன என்பதே அந்தப் புதிர்.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. ஆகவே ஓர் எலக்ட்ரான் ஓர் அணுக்கருவின் அருகில் இருந்தால், மற்றது அடுத்த அணுக்கருவின் அருகில் இருக்க விரும்பும். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. குவாண்டம் விதிப்படி அவை இடம் மாற்றிக்கொள்ளக்கூடியவை. இரண்டின் தற்சுழற்சிகளும் எதிரெதிராக இருக்கும்போது, இந்த இடமாற்றத்தின் காரணமாக மொத்த ஆற்றல் குறைந்து பிணைப்பு உருவாகிறது என்பதை இருவரும் கணக்கிட்டுக் காட்டினர். வேதிப்பிணைப்புக்குக் குவாண்டம் விளக்கம் கிடைத்தது அப்போதுதான்.

ஒன்றின் நிலை மற்றதன் நிலையைச் சார்ந்திருக்கும் இந்தப் பண்பைத்தான் இயற்பியலாளர்கள் எலக்ட்ரான் ஒட்டுறவு என்கின்றனர். ஓர் எலக்ட்ரானைத் தனியே ஆராய்ந்து, அதை எண்ணிக்கையால் பெருக்கினால் விடை வந்துவிடாது என்பதே இதன் பொருள்.

இதைத் தொடர்ந்து பெர்லினில் எர்வின் ஷ்ரோடிங்கருடன் பணியாற்றிய ஃப்ரிட்ஸ், மந்த வாயு அணுக்களும்கூட ஏன் ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கின்றன என்பதை 1930இல் விளக்கினார். வேதியியல் பாடநூல்களில் லண்டன் விசை என்று மாணவர்கள் படிப்பது இதைத்தான். அதற்கு முந்தைய ஆண்டு, எடித் காஸ்பரி என்ற ஓவியரை அவர் மணந்திருந்தார்.

1933: பறிக்கப்பட்ட பணி

1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து அகற்றும் சட்டத்தை நாஜி அரசு கொண்டுவந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதில் அடங்கினர். முப்பத்து மூன்று வயதில், உலகறிந்த ஆய்வாளராக இருந்த ஃப்ரிட்ஸ் வேலையிழந்தார்.

ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிரடெரிக் லிண்டெமன், ஜெர்மனியிலிருந்து வெளியேற்றப்பட்ட அறிவியலாளர்களுக்காக ஒரு பெரிய வேதித்தொழில் நிறுவனத்திடம் நிதி திரட்டினார். அந்த நிதியில் ஃப்ரிட்ஸும் தம்பி ஹைன்ஸும் ஆக்ஸ்ஃபோர்ட் சென்றனர். இருவரும் இணைந்து செய்த முக்கியப் பணி அங்கேதான் நிகழ்ந்தது.

பாதரசத்தை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்தால் அதன் மின்தடை முற்றிலும் மறைவதை ஹாலந்தின் காமர்லிங் ஓனஸ் 1911இல் கண்டறிந்திருந்தார். மீக்கடத்தி என்றால் தடையற்ற கடத்தி, அவ்வளவுதான் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கருதப்பட்டது. 1933இல் பெர்லினில் மைஸ்னர், ஓக்ஸன்ஃபெல்ட் ஆகிய இருவர், மீக்கடத்திகள் தம்முள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளிவிடுகின்றன என்பதைக் கண்டனர். தடையின்மை மட்டுமே இதை விளக்கப் போதாது.

சகோதரர்கள் இருவரும் 1935இல் வெளியிட்ட சமன்பாடுகள் இதற்கு விடையளித்தன. காந்தப்புலம் மீக்கடத்தியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் வரையே நுழைய முடியும் என்றும், அதற்குள் அது தேய்ந்து மறைந்துவிடும் என்றும் அவை காட்டின. இப்படலத்தின் தடிப்பு இன்றும் லண்டன் ஊடுருவல் ஆழம் எனப்படுகிறது.

ஆனால் ஃப்ரிட்ஸ் சமன்பாட்டோடு நிற்கவில்லை. அணுவுக்குள் எலக்ட்ரான் எப்படி ஒரே குவாண்டம் நிலையில் உறைந்து நிற்கிறதோ, அதேபோல் ஓர் உலோகத் துண்டின் எண்ணற்ற எலக்ட்ரான்களும் ஒரே குவாண்டம் நிலையில் ஒழுங்குபட்டு நிற்கக்கூடும் என்பது அவருடைய வாதம். குவாண்டம் விதிகள் கண்ணுக்குத் தெரியாத அணுக்களுக்கே உரியவை என்று கருதப்பட்ட காலத்தில், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளே பெரியதொரு மூலக்கூறு போல நடந்துகொள்கிறது என்ற கூற்று பலருக்கும் ஏற்புடையதாக இருக்கவில்லை.

பாரிஸ் கொடுத்த இடம்

1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ரிட்ஸின் உதவிநிதி முடிவுக்கு வந்தது. அது புதுப்பிக்கப்படவில்லை. ஜெர்மனிக்குத் திரும்பவும் வழியில்லை. அந்த நேரத்தில்தான் பாரிஸ் கதவைத் திறந்தது.

அவ்வாண்டு பிரான்ஸில் மக்கள் முன்னணி அரசு பதவிக்கு வந்திருந்தது. இயற்பியலாளர் ஜான் பெரான், அறிவியல் ஆராய்ச்சிக்கான துணை அமைச்சர் பொறுப்பை ஏற்றார். பெரானும், பால் லான்ஜவான், ஃபிரெடெரிக் ஜோலியோ ஆகியோரும், நாடிழந்த அறிவியலாளர்களுக்குப் புகலிடம் தேடித் தருவதில் முன்னின்றவர்கள். அவர்களுடைய முயற்சியால் ஆன்றி புவான்கரே நிலையத்தில் ஃப்ரிட்ஸுக்கு ஆய்வுப் பணி கிடைத்தது.

மீக்கடத்திகள் பற்றிய தம் கருத்தை விரிவாக விளக்கும் நூலை 1937இல் அவர் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். குவாண்டம் அளவீடு என்பதன் பொருள் என்ன என்பது பற்றி, பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மோன் போவருடன் இணைந்து எழுதிய சிறுநூல் 1939இல் வந்தது. அவருடைய பழைய தத்துவப் பயிற்சி அந்நூலில் வெளிப்படையாகவே தெரிகிறது.

போஸின் கருத்துக்கு மறுவாழ்வு

ஆயினும் அவருடைய பாரிஸ் ஆண்டுகளின் மிகத் துணிச்சலான கருத்து 1938இல் பிறந்தது. அதன் வேர் வங்காளத்தில் இருக்கிறது.

1924இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணுவதற்குப் புதிய முறையொன்றை வகுத்து ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை அணுக்களுக்கும் விரிவாக்கி, போதிய அளவு குளிர்வித்தால் அணுக்கள் திரளாக ஒரே தாழ்ந்த நிலையில் ஒடுங்கிவிடும் என்று கூறினார். அதே ஆண்டு போஸ் பாரிஸுக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கி, லான்ஜவான் உள்ளிட்டோரைச் சந்தித்தார். ஆனால் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம் என்ற அந்தக் கருத்தைப் பின்னர் அறிவியல் உலகம் வெறும் கணிதக் கற்பனையாக ஒதுக்கிவைத்தது.

1938 ஜனவரியில், மாஸ்கோவில் பியோத்தர் கப்பிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மிஸ்னர் ஆகியோரும், ஏறத்தாழ 2.2 கெல்வினுக்குக் கீழே திரவ ஹீலியம் உராய்வின்றிப் பாய்வதை அறிவித்தனர். சில வாரங்களுக்குள் ஃப்ரிட்ஸ் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். ஹீலியம் அணுக்களுக்குப் போஸின் கணக்கைப் பொருத்தினால், ஏறத்தாழ 3.1 கெல்வினில் ஒடுக்கம் நிகழவேண்டும். சோதனையில் கண்ட மதிப்புக்கு அது வியப்பூட்டும் அளவு அருகில் இருந்தது. இந்த மீப்பாய்மம் ஒதுக்கப்பட்ட அந்த ஒடுக்கத்தின் வெளிப்பாடே என்று அவர் கூறினார். அவருடன் உரையாடிவந்த ஹங்கேரிய அகதி லாஸ்லோ டிஸா, அதன் அடிப்படையில் இரு பாய்மக் கோட்பாட்டை உருவாக்கினார்.

பாரிஸில் தஞ்சம் புகுந்திருந்த இரண்டு அயல்நாட்டவர், டாக்காவில் பிறந்த ஒரு கருத்தைக் கொண்டு, மாஸ்கோவிலும் கேம்பிரிட்ஜிலும் கண்ட ஒரு விந்தைக்கு விளக்கம் தந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

மீண்டும் புறப்பாடு

1939 செப்டம்பரில் போர் மூண்டது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹாம் நகரின் டியூக் பல்கலைக்கழகம் அளித்த பேராசிரியர் பதவியை ஏற்று ஃப்ரிட்ஸ் பிரான்ஸை விட்டு வெளியேறினார். ஆறு ஆண்டுகளில் அது அவருக்கு மூன்றாவது நாடுமாற்றம்.

அவர் தங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவருக்குப் பாரிஸில் துணைநின்றவர்களின் கதி காட்டுகிறது. 1940 ஜூன் 14ஆம் தேதி ஜெர்மன் படைகள் நகரில் நுழைந்தன. அக்டோபரில் லான்ஜவான் கைது செய்யப்பட்டு, பின்னர் துருவா நகரில் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய மருமகனும் இயற்பியலாளருமான ஜாக் சொலமோன் 1942இல் சுட்டுக்கொல்லப்பட்டார். மகள் எலேன் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டு உயிர் தப்பினார். புகலிடம் தந்த பெரான், தாமே நாடிழந்தவராக நியூயார்க்கில் 1942இல் காலமானார்.

காலம் கடந்த அங்கீகாரம்

டர்ஹாமில் ஃப்ரிட்ஸுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் அறிவியலின் பெரும் மையங்களிலிருந்து அவர் விலகி வாழ நேர்ந்தது. 1941இல் சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவ் ஹீலியத்துக்கு வேறொரு கோட்பாட்டை வெளியிட்டார். அதில் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கத்துக்கு இடமில்லை. லாண்டாவின் கணக்குகள் சோதனைகளுடன் நன்கு பொருந்தியதால், ஃப்ரிட்ஸின் அடிப்படைக் கருத்து நெடுங்காலம் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டது. இரண்டு கோட்பாடுகளிலும் உண்மை உண்டு என்பது பின்னாளில்தான் தெளிவாயிற்று.

1950இல் வெளியான தமது நூலின் முதல் பாகத்தில், மீக்கடத்தி வளையம் ஒன்றினுள் சிக்கும் காந்தப் பாயம் எந்த அளவிலும் இருக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு சிற்றளவின் முழு எண் மடங்குகளாகவே இருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். 1953இல் அவருக்கு நெதர்லாந்தின் லோரன்ஸ் பதக்கம் வழங்கப்பட்டது. 1954 மார்ச் 30ஆம் தேதி, 54ஆவது வயதில், இதயநோயால் அவர் காலமானார். நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிடைக்கவில்லை.

உறுதிப்பாடுகள் அதன் பின்னரே வந்தன. எலக்ட்ரான்கள் இணைகளாகச் சேர்வதால் மீக்கடத்தல் நிகழ்வதை பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகியோர் 1957இல் விளக்கினர். 1961இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இரு குழுக்கள் காந்தப் பாயம் சிற்றளவுகளாகவே வருவதை அளந்தன. அமெரிக்கக் குழுவில் இருந்த வில்லியம் ஃபேர்பேங்க், டியூக்கில் ஃப்ரிட்ஸின் சக பணியாளராக இருந்தவர். அளந்த மதிப்பு ஃப்ரிட்ஸ் கணித்ததில் சரி பாதியாக இருந்தது. மின்னேற்றத்தைச் சுமப்பது தனி எலக்ட்ரான் என்று அவர் எண்ணியிருந்தார். சுமந்ததோ ஓர் இணை. பார்டீன் தமது 1972ஆம் ஆண்டு நோபல் பரிசுப் பங்கை, ஃப்ரிட்ஸின் நினைவைப் போற்றும் நிதிக்கு வழங்கினார். அவருடைய பெயரிலான விருதை 1960இல் பெற்றவர், முன்னர் அவருடன் முரண்பட்ட லாண்டாவ் என்பதும் வரலாற்றின் ஒரு விசித்திரம்.

ஓர்சேயில் ஒரு சந்திப்பு

ஃப்ரிட்ஸின் இரண்டு சிந்தனைகளில் ஒன்று எலக்ட்ரான்களின் விலக்கத்தில் பிறந்தது. மற்றது அவற்றின் ஒற்றுமையில் பிறந்தது. ஹைட்ரஜன் மூலக்கூறில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்க்கின்றன. மீக்கடத்தியில் அவை ஒரே நிலையில் திரள்கின்றன. இவ்விரண்டும் ஒரே இடத்தில் மோதினால் என்ன ஆகும்?

குவாண்டம் புள்ளி என்பது எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணி அடைக்கக்கூடிய மிகச் சிறிய இடம். ஒரு சில நானோமீட்டர் தடிப்பே கொண்ட கார்பன் நானோகுழாயின் சிறு துண்டை இதற்குப் பயன்படுத்தலாம். அதன் இரு முனைகளையும் மீக்கடத்தும் உலோகத்துடன் இணைத்தால் ஒரு சந்தி உருவாகிறது. நானோகுழாய் வழியே மீமின்னோட்டம் பாய்வதை ஓர்சே ஆய்வாளர்களின் குழு 1999இல் காட்டியது.

உலோகத்திலிருந்து வரும் எலக்ட்ரான் இணை இந்தப் புள்ளியைக் கடந்தாக வேண்டும். ஆனால் குறுகிய இடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் இருப்பதை அவற்றின் விலக்கம் தடுக்கிறது. புள்ளியில் ஏற்கனவே ஓர் எலக்ட்ரான் தனித்து இருந்தால், இணையின் இரு எலக்ட்ரான்களும் ஒவ்வொன்றாகவே கடக்க முடியும். அவ்வாறு கடக்கும்போது அவற்றின் வரிசை மாறிவிடுவதால், மின்னோட்டத்தின் திசையே தலைகீழாகிறது. இயற்பியலாளர்கள் இதைப் பை சந்தி என்கின்றனர். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரிலும் பிரான்ஸின் கிரனோபிளிலும் 2006இல் வெளியான சோதனைகள் இத்தகைய தலைகீழ் மாற்றத்தைப் பதிவு செய்தன.

ஆனால் இணைப்பு வலுவாக இருந்தால், அந்தத் தனி எலக்ட்ரான் சுற்றியுள்ள உலோகத்தின் எலக்ட்ரான்களுடன் எதிரெதிர்த் தற்சுழற்சியில் உடன்பாடு கொண்டுவிடும். ஜப்பானின் ஜூன் கோண்டோவின் பெயரால் அறியப்படும் விளைவு இது. அப்போது மின்னோட்டம் இயல்பான திசைக்குத் திரும்புகிறது. இந்த இரு நிலைகளுக்கும் இடைப்பட்ட எல்லையில், ஒரே சந்தியை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற முடியும் என்பதை ஓர்சே குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

ஹைட்ரஜன் மூலக்கூறில் 1927இல் ஃப்ரிட்ஸ் கண்ட எதிரெதிர்த் தற்சுழற்சியின் உடன்பாடு, இங்கே மீக்கடத்தியின் கூட்டு நிலையோடு போட்டியிடுகிறது. இந்தச் சோதனைகளுக்கு வேண்டிய குளிர், கெல்வினில் நூறில் சில பங்கு. அத்தகைய குளிரைத் தரும் இரு ஹீலியக் கலவைக் குளிர்விப்பானை முதலில் முன்மொழிந்தவர், இங்கிலாந்திலேயே தங்கிவிட்ட தம்பி ஹைன்ஸ் லண்டன். அது 1960களின் நடுவில் லைடனில் செயல்வடிவம் பெற்றது. ஹைன்ஸ் 1970இல் காலமானார்.

கையில் எடுக்கக்கூடிய பொருளிலும் குவாண்டம் விதி ஆளும் என்ற கருத்து இன்று ஐயத்துக்கு உரியதன்று. மீக்கடத்தி மின்சுற்றுகளில் அதைச் சோதித்துக் காட்டியதற்காக 2025ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது. அவர்களில் ஒருவரான மிஷெல் தெவோரே பாரிஸில் பிறந்து, ஓர்சேக்கு அருகிலுள்ள சாக்லேயில் நெடுங்காலம் பணியாற்றியவர்.

அகதிகளை ஏற்பதால் ஒரு நாட்டுக்கு என்ன பயன் என்ற விவாதம் ஐரோப்பாவில் ஓயாமல் நடக்கிறது. ஃப்ரிட்ஸ் லண்டனின் வாழ்க்கையை அதற்கு எளிய விடையாகக் கொள்ள இயலாது. அறிவியலாளராக இருந்ததால்தான் அவருக்குக் கதவுகள் திறந்தன. அவரைப் போன்ற புகழோ பரிந்துரையோ இல்லாத எண்ணற்றோருக்கு அவை திறக்கவில்லை. ஆனால் புதுப்பிக்கப்படாத ஒரு நிதிக்கும் மூளவிருந்த ஒரு போருக்கும் இடையே, ஒரு நகரம் அவருக்கு மூன்று ஆண்டுகளும் ஒரு மேசையும் கொடுத்தது. அந்த மூன்று ஆண்டுகளில் பிறந்த கருத்துகள், அவரைத் துரத்தியவர்களின் ஆட்சி அழிந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும், அதே நகரின் ஆய்வகங்களில் உயிரோடு இருக்கின்றன.